பல ஓ.எஸ். உள்ள டிஸ்க்கில் ஃபோல்டர்களை எப்படி அடுக்குவது?

கேள்வி: ஐயா, திருத்துறைப்பூண்டியில் மூன்று வருடமாகச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். எக்ஸ்பி, விண்டோஸ் 7, உபுண்டு, மின்ட் என்று எல்லா ஓ.எஸ்.ஸும் (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஒரே டிஸ்க்கில் இருந்தால் வசதியாக இருக்குமே என்று, ஒவ்வொன்றின் ஐ.எஸ்.ஓ.வையும் (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாகக் கட்டியது) பிரித்து, எல்லா ஃபோல்டர்களையும் ஒன்றாகக் காப்பி செய்து டூயல் லேயர் டி.வி.டி.யில் ரைட் பண்ணினேன். ஒன்று மட்டும் பூட் ஆகிறது, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு 64 ஜி.பி. பென்டிரைவில், ஐ.எஸ்.ஓ.க்களை மெனுவில் காட்டி ஓடவிடும் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டுப் பதினேழு ஐ.எஸ்.ஓ. வைத்தேன். ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்தும் மெனுவில் எல்லாம் கலந்துதான் வருகிறது. போன வாரம் ஒரு உரக்கடை சிஸ்டத்தில் அவசரத்தில் பக்கத்து வரியைத் தட்டிவிட்டேன். அது எதுவும் கேட்காமல் தானாக ஃபார்மேட் செய்துகொள்ளும் விண்டோஸ். டி டிரைவில் இருந்த கடன் பாக்கிக் கணக்கு முழுவதும் போய்விட்டது. கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஃபோல்டர்களை எந்த முறையில் அடுக்கினால் இது மறுபடி நடக்காது? ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, ஃபோல்டர் கதை அப்புறம். முதலில் அந்த உரக்கடை ஹார்டு டிஸ்க்.

அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் அவர் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஃபார்மேட் ஆன டிஸ்க்கில் பழைய கணக்கு உடனே அழிந்துவிடுவதில்லை. அதன் மேல் புதிதாக எழுத எழுதத்தான் அழிகிறது. விண்டோஸ் சும்மா திறந்து கிடந்தாலே அப்டேட், டெம்ப் ஃபைல் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி உங்கள் கடைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். அவருக்கு அதுவரைக்கும் வேறு டிஸ்க் போட்டுக் கொடுங்கள். செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அந்த டிஸ்க்கில் நேரடியாக எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்கை எடுத்து, சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற மீட்பு லினக்ஸில் பூட் செய்து, அதிலுள்ள டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அப்படியே ஒரு நகல் எடுங்கள். எது மூலம், எது நகல் என்பதை என்டர் தட்டுவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். இடம் மாறினால் இருப்பதும் போகும். பிறகு நகலில், தொலைந்த பார்ட்டிஷனைத் (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) தேடும் டெஸ்ட்டிஸ்க் கருவியை ஓட்டுங்கள். தானியங்கி விண்டோஸ் பழைய பார்ட்டிஷன் அட்டவணையை அழித்துப் புதிது எழுதியிருக்கும். ஆனால் டி டிரைவ் இருந்த பகுதி டிஸ்க்கின் பின்பாதியில் இருக்கும். புது விண்டோஸ் பெரும்பாலும் முன்பக்கம்தான் எழுதியிருக்கும் என்பதால், பழைய பார்ட்டிஷனின் எல்லையை டெஸ்ட்டிஸ்க் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் ஃபைல்கள் பழைய பெயரோடும் பழைய ஃபோல்டரோடும் கிடைக்கும். டாலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதியது என்றால் வெறும் எண்ணே பெயராக உள்ள ஒரு ஃபோல்டரைத் தேடுங்கள். 10000, 10001 என்பது போல இருக்கும். அந்த ஃபோல்டர் முழுதாகக் கிடைத்தால் கணக்கு கிடைத்த மாதிரி. இதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு. அது எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை குறைவு. ஃபார்மேட் ஆகும்போதே டிரிம் என்ற கட்டளை போய், காலியான பகுதியை டிஸ்க்கே உள்ளுக்குள் துடைத்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்கு இது தோன்றுவதே இல்லை. அந்த உரக்கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிற ஆடிட்டர் ஆபீஸ் ஏதாவது இருக்கும். அங்கே டாலி பேக்கப்பைப் பென்டிரைவிலோ மெயிலிலோ கொடுத்திருப்பார்கள். போன மாதத்தோடதாக இருந்தாலும், அதற்குப் பிறகு உள்ளதைப் பில் புத்தகத்தைப் பார்த்து ஏற்றிவிடலாம். நீங்களே போய்க் கேளுங்கள். கடைக்காரரை அலையவிட வேண்டாம். குறுவைக்கு யூரியாவும் டி.ஏ.பி.யும் கேட்டு ஆட்கள் வந்து நிற்கிற நேரம்.

இனி உங்கள் டி.வி.டி. எங்கே கெட்டுப்போனது என்று பார்ப்போம்.

உபுண்டு ஐ.எஸ்.ஓ. ஒன்றையும் மின்ட் ஐ.எஸ்.ஓ. ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். இரண்டிலும் 'காஸ்பர்' என்று ஒரு ஃபோல்டர். இரண்டிலும் 'பூட்'. இரண்டிலும் 'இ.எஃப்.ஐ.', அதற்குள்ளும் ஒரு 'பூட்', அதற்குள் 'பூட்எக்ஸ்64' என்ற ஃபைல். விண்டோஸ் 7 டிஸ்க்கைத் திறந்தாலும் 'பூட்' இருக்கும். 64 பிட் என்றால் 'இ.எஃப்.ஐ.'யும் இருக்கும். கூடவே 'சோர்சஸ்', அதற்குள் 'பூட்.விம்', 'இன்ஸ்டால்.விம்'. நீங்கள் இரண்டாவதைக் காப்பி செய்தபோது 'ரீப்ளேஸ் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டிருக்கும், நீங்கள் 'ஆம்' கொடுத்திருப்பீர்கள். அந்த ஒரு கிளிக்கில் முதல் ஓ.எஸ்.ஸின் கதவு எடுக்கப்பட்டு இரண்டாவதன் கதவு மாட்டப்பட்டது. உள்ளே முதலாவதன் சாமான்கள் பாதி, இரண்டாவதன் சாமான்கள் பாதி. அதனால்தான் ஒன்று மட்டும் கிளம்பி அதுவும் நடுவில் நிற்கிறது.

இந்தப் பெயர்கள் நம் வசதிக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஓ.எஸ்.ஸை ஏற்றுகிற புரோகிராம், டிஸ்க்கின் மேல்மட்டத்தில் இந்தப் பெயரில் இந்த ஃபோல்டர் இருக்கும் என்று நம்பித்தான் தேடுகிறது. பெயரை மாற்றினாலோ உள்ளே ஒரு படி தள்ளி வைத்தாலோ, அது தேடிப் பார்த்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ஆகவே பல ஓ.எஸ். உள்ள மல்டிபூட் டிஸ்க்கில் இரண்டு வகை ஃபோல்டர் உண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெஷின் படிக்கிற ஃபோல்டர். அதில் நாம் கை வைக்கக் கூடாது. இன்னொன்று நாம் படிக்கிற ஃபோல்டர். அடுக்குவது, பிரிப்பது, பெயர் வைப்பது எல்லாம் அதில் மட்டும்.

முன்பு இரண்டையும் ஒரே இடத்தில் சமாளிக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பி காலத்தில் கும்பகோணத்தில் நான் கடை வைத்த புதிதில், எக்ஸ்பி ஹோமும் புரொஃபஷனலும் ஒரே டி.வி.டி.யில் வேண்டும் என்றால் 'செட்டப்எல்டிஆர்' என்ற ஃபைலை, பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, அதில் எக்ஸ்பி ஃபைல்கள் உள்ள ஃபோல்டரின் பெயரான 'ஐ386' வரும் இடங்களையெல்லாம் நாமே வைத்த நான்கெழுத்துப் பெயராக மாற்ற வேண்டும். ஐந்தெழுத்து வைக்க முடியாது. 'ஐ386' ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. ஓர் எழுத்து கூடினாலும் அந்த ஃபைலில் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போய்ச் செத்துவிடும். பிறகு மைக்ரோசாஃப்டின் ஆஸ்க்டிஇமேஜ் மாதிரியான கருவியில், ஒரே மாதிரியான ஃபைல்களை ஒருமுறை மட்டும் பதிக்கச் சொல்லும் ஆப்ஷனோடு ஐ.எஸ்.ஓ. கட்டுவோம். ஹோமிலும் புரோவிலும் பெரும்பகுதி ஃபைல்கள் ஒன்றே என்பதால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகும். அந்த வேலையில் கிடைத்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம். ஐ.எஸ்.ஓ.வைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். மூட்டை கட்டினபடியே இருக்கட்டும். மூட்டைகளை மட்டும் அடுக்குங்கள். வென்டாய் செய்வது அதைத்தான்: ஐ.எஸ்.ஓ.வை உள்ளபடியே ஒரு டிஸ்க் மாதிரி அந்த ஓ.எஸ்.ஸுக்குக் காட்டுகிறது. காஸ்பரும் காஸ்பரும் மோதுகிற பேச்சே இல்லை.

டி.வி.டி.யை விட்டுவிடலாமா என்றால், பல ஓ.எஸ்.ஸுக்கு விட்டுவிடுங்கள். ஒரு லேயர் டி.வி.டி. 4.7 ஜி.பி., இரண்டு லேயர் 8.5 ஜி.பி. இப்போதைய விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. ஒன்றே 5 ஜி.பி.க்கு மேல், உபுண்டு 24.04உம் அப்படித்தான். எக்ஸ்பிக்கு மட்டும் 700 எம்.பி. சி.டி. ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எக்ஸ்பி ஐ.எஸ்.ஓ. வென்டாயில் ஓடாது. நெல் எடை போடுகிற மெஷினோடு, பழைய லேத் பட்டறையோடு ஒட்டிக்கொண்ட எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு நெட் இணைப்புக் கொடுக்கவே கூடாது. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8 அன்றே நின்றுவிட்டது.

சரி, பென்டிரைவ். வென்டாய் போட்டால் அதில் இரண்டு பார்ட்டிஷன் உருவாகும். ஒன்று 32 எம்.பி. அளவில் சிறியது; மெஷின் படிக்கிற ஃபோல்டரெல்லாம் அதற்குள். அதைத் திறந்து பார்க்கலாம், எதையும் மாற்றாதீர்கள். மற்றது பெரியது, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அது முழுக்க உங்களுடையது. அதை ஃபேட்32 ஆக மாற்றிக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. உள்ளே போகாது.

உங்களுக்கு மெனுவில் எல்லாம் கலந்து வருவதற்குக் காரணம் சின்னது. வென்டாய் எத்தனை ஃபோல்டருக்குள் இருந்தாலும் போய்த் தேடி, கிடைத்த ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டும். ஃபோல்டர் பெயர் அதில் தெரியாது. மெனுவில் எஃப்3 விசையை அழுத்திப் பாருங்கள், ஃபோல்டர் ஃபோல்டராக விரியும். ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டாம் என்றால் வென்டாயோடு வரும் பிளக்சன் கருவியைத் திறந்து, மெனு முறையை மரவடிவமாக மாற்றிச் சேமித்துவிடுங்கள். அது 'வென்டாய்' என்ற ஃபோல்டருக்குள் ஜேசன் என்ற வகை அமைப்பு ஃபைலாகப் பதியும். அந்த ஃபோல்டர் பெயரையும் மாற்றக் கூடாது.

இப்போது அடுக்குகிற முறை. நிறையப் பேர் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரிப்பார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் நிற்கும்போது உங்கள் மனதில் ஓடும் கேள்வி 'இது எந்தக் கம்பெனி ஓ.எஸ்.?' என்பதல்ல. 'இந்த டிஸ்க்கில் எழுதப் போகிறேனா, பார்க்க மட்டும் போகிறேனா?' என்பதுதான். ஆகவே ஆபத்தின் அளவை வைத்துப் பிரியுங்கள். என் பென்டிரைவில் இப்படித்தான் இருக்கிறது.

மேலே '10-செக்'. மெம்டெஸ்ட் மட்டும். டிஸ்க்கைத் தொடவே தொடாது. இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: மெனு திறந்ததும் வெளிச்சம் முதல் வரியில்தான் நிற்கும். கை தவறி இரண்டு தடவை என்டர் பட்டாலும் ராம் சோதனை ஓடுமே தவிர ஒருவர் பிழைப்பு போகாது. உங்கள் பட்டியலில் முதல் வரியில் எது நின்றது என்று பாருங்கள்.

அடுத்தது '20-ரெஸ்க்யூ'. சிஸ்டம்ரெஸ்க்யூ, ரெஸ்க்யூசில்லா, ஜிபார்ட்டெட், ஹைரன்ஸ் பி.இ. இந்த மீட்புக் கருவிகள் டிஸ்க்கைத் தொடக்கூடியவை, ஆனால் நாம் சொன்னால்தான் தொடும்.

பிறகு '30-இன்ஸ்டால்'. இதற்குள் மட்டும் 'விண்டோஸ்', 'லினக்ஸ்' என்று இன்னொரு படி. அதற்கு மேல் ஆழம் வேண்டாம். திருத்துறைப்பூண்டிக்காரருக்குத் தெரியாததா? வாய்க்கால் பிரிந்து பிரிந்து போனால் கடைமடையில் தண்ணீர் நிற்காது. ஐந்து ஃபோல்டருக்குள் வைத்த ஐ.எஸ்.ஓ. இருப்பதே மறந்துபோய், அதையே இன்னொரு முறை டவுன்லோட் செய்து வேறு ஃபோல்டரில் போடுவோம். பிறகு எது புதிது, எது பழையது என்றே தெரியாது.

நான்காவது, கடைசியில் '90-ஆட்டோ'. கேள்வி கேட்காமல் டிஸ்க்கைத் துடைத்து ஏற்றுகிற ஐ.எஸ்.ஓ. ஏதாவது இருந்தால் இங்கே மட்டும். நான் சொல்வேன், அதை இந்தப் பென்டிரைவிலேயே வைக்காதீர்கள். வேறு நிறத்தில் இன்னொரு பென்டிரைவ் வாங்கி, அதில் அது ஒன்றை மட்டும் வைத்து, கடை டிராயரில் பூட்டி வையுங்கள். ஸ்கூல் லேபில் இருபது மெஷின் ஒரே மாதிரி போட வேண்டிய நாளில் மட்டும் எடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2011இல் நான் செய்த தவறு. கும்பகோணத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. விண்டோஸ் 7 கெட்டுப்போய் என்னைக் கூப்பிட்டார்கள். என்னிடம் இருந்த டி.வி.டி.யில் தானாகப் பதில் சொல்லும் ஃபைல் ஒன்றை நானே எழுதி வைத்திருந்தேன். முதல் டிஸ்க்கை முழுவதும் அழித்துப் புதிதாகப் பிரிக்கச் சொல்லி அதில் ஒரு வரி. அன்றைக்கு அது சாதாரண டி.வி.டி. என்று நினைத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்க வெளியே போனேன். திரும்பி வரும்போது டெஸ்க்டாப் புத்தம் புதிதாக நின்றது. நான்கு கல்யாணமும் ஒரு வளைகாப்பும் போயிருந்தன. போட்டோரெக் என்ற மீட்புக் கருவியை ஓட்டியதில் படங்கள் கிடைத்தன, ஆனால் ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை, வெறும் எண்கள். எந்தப் படம் எந்தக் கல்யாணம் என்று பெண்ணின் கூறைப்புடவை நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தேன். இரண்டு கல்யாணத்தில் அரக்கு நிறம். மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அந்த ஸ்டூடியோக்காரர் அத்தனை நாளும் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். நீங்கள் எழுதிய 'கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை' என்ற வரியை அதனால்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

பெயர் வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எஃப்3 அழுத்தாத பட்டியலில் ஃபோல்டர் பெயர் தெரியாது என்பதால், ஐ.எஸ்.ஓ.வின் பெயரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் அண்டா வாங்கினால் பெயர் வெட்டித்தான் எடுத்துப் போவார்கள். கல்யாணச் சமையல்கட்டில் பத்து வீட்டு அண்டா கலந்து கிடந்தாலும் அவரவருடையது அவரவருக்குத் திரும்பி வரும். அதே மாதிரி ஃபோல்டர் எண், ஓ.எஸ். பெயர், பதிப்பு, எத்தனை பிட், டவுன்லோட் செய்த வருடம் மாதம் – இந்த வரிசையில் வெட்டிவிடுங்கள். '30-வின்10-22எச்2-64-202506' என்பது போல. டவுன்லோட் ஆகும்போது வரும் நீளமான பெயரை அப்படியே விட்டால் எல்லா வரியும் ஒரே மாதிரி தொடங்கும். அவசரத்தில் கண் முதல் பத்து எழுத்தைத்தான் படிக்கும்.

தமிழ்ப் பெயர் வேண்டாம் தம்பி. எனக்கும் ஆசைதான். ஆனால் பூட் மெனு ஓடுகிற நேரத்தில் தமிழைச் சரியாக வரைந்து காட்டும் வசதி எதுவும் எழுந்திருக்காது. எழுத்து கட்டம் கட்டமாக வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறலாம். நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டிய பெயர்களையெல்லாம் பென்டிரைவில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், கோடு போட்டுச் சேருங்கள். விண்டோஸுக்குள் போன பிறகு திறக்கிற ஃபோல்டர்களுக்கு – டிரைவர் (கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்க உதவும் மென்பொருள்), குறிப்பு இவற்றுக்கு – தாராளமாகத் தமிழில் வைக்கலாம்.

டிரைவர் ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ.க்களை விட அதிகமாக வேலைக்கு ஆவது இதுதான். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸ் போடும்போது, எங்கே ஏற்றுவது என்று கேட்கும் திரையில் டிஸ்க்கே தெரியாது. பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்க் போய்விட்டது என்று சொல்லி வாடிக்கையாளரைப் பயமுறுத்தியவர்களை எனக்குத் தெரியும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். வி.எம்.டி. என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை 'லோட் டிரைவர்' மூலம் காட்டினால் அதே திரையில் டிஸ்க் வந்து நிற்கும். அந்த டிரைவரை ஜிப்பாகவோ செட்டப் ஃபைலாகவோ வைத்தால் அங்கே திறக்க முடியாது. பிரித்து, உள்ளே 'ஐ.என்.எஃப்.' ஃபைல் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். அதற்குப் பக்கத்தில் லேன், வைஃபை டிரைவர்கள். விண்டோஸ் 7 கேட்கிறவர்களுக்காக யு.எஸ்.பி. 3 டிரைவரும் வேண்டும். அது 7இல் உள்ளேயே கிடையாது, புது மெஷினில் மவுஸும் கீபோர்டும் அசையாமல் நிற்கும். முடிந்தவரை 7 போடுவதைத் தவிருங்கள். 2020 ஜனவரி 14 அன்று அதற்கு ஆதரவு முடிந்தது, 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால் பழைய மெஷின் பலவற்றில் ஏறாது. அப்படிப்பட்டவர்களுக்கு மின்ட் போட்டுக் காட்டுங்கள். பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில் பாஸ் என்ற இந்திய லினக்ஸைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த டிரைவர் ஃபோல்டருக்குள் '.வென்டாய்இக்னோர்' என்ற பெயரில் ஒரு காலி ஃபைலைப் போட்டு வையுங்கள். வென்டாய் அதற்குள் போய்த் தேடாது. மெனுவும் சீக்கிரம் வரும். அந்தப் பெயரின் முன்னால் புள்ளி இருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

புது லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பிட்லாக்கர் போட்டிருக்கிறதா? பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் வாங்கியவருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். நீங்கள் வென்டாய் ஓடுவதற்காக, தெரியாத புரோகிராமைக் கிளம்பவிடாத 'செக்யூர் பூட்' வசதியை அணைத்தால், அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவி பெரும்பாலும் லேப்டாப்பை வாங்கியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அவருக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். முதலில் சாவியை எடுத்து எழுதிவிட்டுப் பிறகு கை வையுங்கள். செக்யூர் பூட்டை அணைக்காமலும் போகலாம்: முதல் தடவை வரும் நீலத் திரையில், பென்டிரைவில் உள்ள சாவி ஃபைலைப் பதிவு செய்துகொண்டால் அந்த மெஷினில் மறுபடி கேட்காது.

யாரோ கொடுத்த ஐ.எஸ்.ஓ.வை வைக்காதீர்கள். உங்களுக்கு அந்தத் தானியங்கி விண்டோஸ் நண்பரிடமிருந்து வந்ததாக இருந்தால், அதற்குள் வேறென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, அந்தந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும், ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் எஸ்.எச்.ஏ. 256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு சரிபாருங்கள். விண்டோஸிலேயே 'செர்ட்யுடில்' என்ற கட்டளை இருக்கிறது. அந்த எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பென்டிரைவிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் வையுங்கள். வைரஸ் பிடித்த மெஷின் எத்தனையில் இந்தப் பென்டிரைவ் ஏறி இறங்கும்! மாதம் ஒரு தடவை கடையில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் ஒரு வகையில் மென்மையானது. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் முழுப் பட்டியலும் கலங்கிப்போகலாம். மின்சாரம் போய் வருகிற நேரத்தில் காப்பி செய்யாதீர்கள்.

வாடிக்கையாளர் டேட்டாவை மட்டும் இந்தப் பென்டிரைவில் எடுக்கவே கூடாது. அதற்குத் தனி டிஸ்க். வென்டாயிலிருந்து லினக்ஸில் பூட் செய்தால் அந்தப் பெரிய பார்ட்டிஷன் பூட்டிக்கொண்டு சாதாரணமாகத் திறக்காது. உரக்கடை டிஸ்க்குக்கு நகல் எடுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். மீட்ட ஃபைல்களை எழுத மூன்றாவதாக ஒரு டிஸ்க் வேண்டும்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு ஃபோல்டரையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம் எழுதுகிறவர், டைப்பிங் சென்டர், பத்திரிகை அடிக்கிற அச்சகம் – இவர்கள் மெஷினை ஃபார்மேட் செய்யப் போகிறீர்கள் என்றால், டேட்டாவோடு சேர்த்து விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை முழுவதும் எடுத்து வையுங்கள். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும், வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இவர்களிடம் இருக்கின்றன. எழுத்துரு போய்விட்டால் கிரயப் பத்திரம் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அவர்கள் அழுதே விடுவார்கள். எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் 'சொத்து விபரம்' என்று தமிழ் வந்து நிற்கும். அவரவர் எழுத்துருவை அவரவர் பெயரில் அவர்கள் டேட்டா டிஸ்க்கிலேயே வையுங்கள். எல்லோருடையதையும் ஒன்றாகக் கலந்தால் ஒரே பெயரில் வெவ்வேறு பதிப்பு மோதிக்கொள்ளும், உங்கள் டி.வி.டி.யில் 'பூட்' மோதியதைப் போலவே.

உரக்கடை டிஸ்க்கை நகல் எடுத்து டெஸ்ட்டிஸ்க் ஓட்டியதும், திரையில் வரும் பார்ட்டிஷன் பட்டியலை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பழைய டி டிரைவ் அதில் தெரிந்தால் அந்த வரியில் 'பி' விசையை அழுத்தி, உள்ளே ஃபைல்கள் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். 'ரைட்' கொடுக்க வேண்டாம். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.